கோயில் விழாவை அந்த நிருபர் ஏன் எழுதவில்லை?

கேள்வி: அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலம் ஒன்றில் வசிக்கிறோம். எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் ஊடகத் தொடர்பு என் பொறுப்பு. வரும் ஜூன் மாதம் கும்பாபிஷேகம். கமிட்டி ஒப்புதல் கொடுத்த செய்திக்குறிப்பை நாற்பது பத்திரிகையாளர்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அவர்களில் ஒருவர், தேசியப் பத்திரிகை ஒன்றில் அமெரிக்க மதங்களைப் பற்றி மட்டுமே எழுதுபவர். அவருக்கு மூன்று முறை நினைவூட்டியும் பலன் இல்லை. அவர் எழுதுவதெல்லாம் பாப்டிஸ்டுகள், பிஷப்புகள், தேர்தல் என்றே இருக்கிறது. நம்மை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்களா? அவர் கண்ணில் படும்படி எப்படி எழுதுவது? செய்திக்குறிப்பை இணைத்திருக்கிறேன்.

பின்குறிப்பு: கடிதம் அவசரமாக எழுதியது, பொறுத்துக்கொள்ளவும். எங்கள் மூன்று அர்ச்சகர்களில் ஒருவர் ஐந்து வருட விசா முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். இன்னொருவருக்கும் அதே நிலை வரும் போலிருக்கிறது. எல்லாரும் அந்த அலைச்சலில் இருக்கிறோம்.

பதில்: உங்கள் செய்திக்குறிப்பை முழுக்கப் படித்தேன். தலைப்பு, ‘மகா கும்பாபிஷேகப் பெருவிழா: ஊடகங்களுக்கு அழைப்பு.’ முதல் பத்தி முழுக்கச் சிறப்பு விருந்தினர்களின் பெயர்கள். அடுத்ததில் கமிட்டித் தலைவர், துணைத் தலைவர், முன்னாள் தலைவர்கள். அப்புறம் கணபதி ஹோமம் தொடங்கி ஆறு கால யாகசாலை பூஜை நேரங்கள். கடைசியில் இந்து சமயத்தின் தொன்மை பற்றி நீளமாக ஒரு பத்தி. பக்தர்களுக்கு இது நல்ல அழைப்பிதழ். நிருபருக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இது ஏன் இப்போது நடக்கிறது, இதனால் யாருடைய வாழ்க்கையில் என்ன மாறுகிறது, உங்கள் கோயில் பக்கமே வராத ஒருவர் இதை ஏன் படிக்க வேண்டும், இந்த மூன்றுக்கும் அதில் விடை கிடையாது.

விடை உங்கள் பின்குறிப்பில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதற்காகப் போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த அர்ச்சகர் விஷயம்தான் செய்தி. என் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

அதற்கு முன் உங்கள் ஆதங்கத்துக்கு ஒரு வார்த்தை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மதச் செய்திகளுக்கென்றே இயங்கும் ரிலிஜன் நியூஸ் சர்வீஸ் (ஆர்.என்.எஸ்.) என்ற செய்தி நிறுவனம் 1934இல் தொடங்கியபோது, அதன் பின்னால் இருந்தது கிறிஸ்தவர்களையும் யூதர்களையும் ஒன்றாக உட்கார வைக்க உருவான ஓர் அமைப்பு. அன்றைய அமெரிக்காவில் மதம் என்றால் புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர், யூதர், அவ்வளவுதான். 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகுதான் நம்மவர்கள் பெருவாரியாக வந்தார்கள். செய்தி அறைகளின் பழக்கம் அந்த வேகத்தில் மாறவில்லை. ஆனால் அதே ஆர்.என்.எஸ். இன்று இந்துக்களைப் பற்றியும் சீக்கியர்களைப் பற்றியும் தொடர்ந்து எழுதுகிறது. ஆக, கதவு சாத்தியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நிருபர் ஏன் பாப்டிஸ்டுகளையும் பிஷப்புகளையும் விடாமல் எழுதுகிறார் என்பதற்குக் கணக்கும் ஒரு காரணம். பியூ ஆய்வு மையத்தின் பெரிய கணக்கெடுப்பில் 2007இல் அமெரிக்கப் பெரியவர்களில் 78 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்றார்கள். 2023-24இல் அது 62. எந்த மதமும் இல்லை என்பவர்கள் 16இலிருந்து 29 ஆகிவிட்டார்கள். இந்துக்கள் சுமார் ஒரு சதவீதம். இந்தப் பெரிய சரிவும் அதனால் அரசியலில் வரும் அதிர்வும்தான் அவருடைய அன்றாட வேலை. இத்தனைக்கும் அவரைப் போன்றவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் பத்திரிகைகளில் சனிக்கிழமை மதப் பக்கம் இருந்தது, அதற்கென்று ஒரு ஆளும் இருந்தார். பத்திரிகைகளின் வருமானம் சரிந்ததும் முதலில் வெட்டுப்பட்டவற்றில் அந்தப் பக்கமும் ஒன்று. 2019இல் லில்லி எண்டோவ்மென்ட் என்ற அறக்கட்டளையின் நிதியில்தான் ஏ.பி. செய்தி நிறுவனம், ஆர்.என்.எஸ்., தி கான்வர்சேஷன் என்ற இணைய இதழ் மூன்றும் சேர்ந்து மதச் செய்திக்குப் புதிதாக ஆள் போட முடிந்தது. ஆக, நீங்கள் எழுதுகிற நிருபர் ஒரு நாட்டின் மத வாழ்க்கை முழுவதையும் கிட்டத்தட்டத் தனியாகச் சுமக்கிறவர்.

போதாக்குறைக்கு உங்கள் விழா ஜூனில் வருகிறது. புராட்டஸ்டன்ட் பிரிவான தெற்கு பாப்டிஸ்டுகளின் ஆண்டுக் கூட்டம் ஜூனில்தான். கத்தோலிக்க பிஷப்புகளும் ஒரு கூட்டத்தை ஜூனில் நடத்துவது வழக்கம். உச்ச நீதிமன்றம் பெரிய தீர்ப்புகளை அந்த மாதக் கடைசியில் வரிசையாக வெளியிடும். மத நம்பிக்கையைக் காரணம் காட்டி, ஊழியர்களின் காப்பீட்டில் சில கருத்தடை முறைகளைச் சேர்க்க மறுத்த ஹாபி லாபி நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பு 2014 ஜூன் 30 அன்று வந்தது. பள்ளி மைதானத்தில் பிரார்த்தனை செய்த கால்பந்துப் பயிற்சியாளர் வழக்கின் தீர்ப்பு 2022 ஜூன் 27 அன்று. ஒரு மத நிருபருக்கு மூச்சுவிட நேரம் இல்லாத மாதம் அது. ஜூன் விழாவுக்கு மே மாதக் கடைசியில் எழுதினால் அவர் மனது வைத்தாலும் வர முடியாது. மார்ச் முடிவுக்குள் உங்கள் மெயில் போயிருக்க வேண்டும்.

சரி, விசா விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் அர்ச்சகர்கள் ஆர்-1 என்ற மதப் பணியாளர் விசாவில் வந்திருப்பார்கள். அதில் அதிகபட்சம் ஐந்து வருடம்தான் தங்கலாம். அதற்குள் கிரீன் கார்டு வாங்கிவிடுவது என்பதுதான் எல்லாக் கோயில்களும் வைத்திருந்த திட்டம். கிரீன் கார்டுக்கு அவர்கள் நிற்க வேண்டிய வரிசை ஈபி-4, மதப் பணியாளர் உள்ளிட்ட சில தனிப் பிரிவினருக்கானது. 2023 மார்ச்சில் வெளியுறவுத் துறை அந்த வரிசையைக் கணக்கிடும் முறையை மாற்றியது. எல் சால்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் நாடுகளிலிருந்து வந்து, பெற்றோரால் கைவிடப்பட்டோ கொடுமைக்கு உள்ளாகியோ பாதுகாப்புக் கேட்ட சிறுவர் சிறுமியரின் விண்ணப்பங்கள் அதுவரை தனி வரிசையில் இருந்தன. அவை பொது வரிசையில் சேர்ந்தன. காத்திருப்பு பல வருடங்களுக்கு நீண்டது. ஐந்து வருடக் கெடு முடியும்போது கிரீன் கார்டு கண்ணுக்கெட்டும் தூரத்தில்கூட இல்லை என்ற நிலை வந்தது. அர்ச்சகர்கள் மூட்டை கட்டினார்கள். அவர்களோடு ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்திருந்த கத்தோலிக்கப் பாதிரியார்களும் மூட்டை கட்டினார்கள். நியூ ஜெர்சியின் பேட்டர்சன் மறைமாவட்டமும் அதன் பாதிரியார்கள் ஐவரும் 2024 ஆகஸ்டில் மத்திய அரசு மேல் வழக்கே போட்டார்கள்.

இப்போது நிருபரின் நாற்காலியிலிருந்து பாருங்கள். பிஷப்புகளை அவருக்கு நன்றாகத் தெரியும். பாதிரியார் பற்றாக்குறையைப் பற்றி வருடக்கணக்காக எழுதியிருப்பார். அதே வரிசையில் ஒரு சிவாச்சாரியாரும் நிற்கிறார், அவர் போய்விட்டால் ஒரு கும்பாபிஷேகமே ஆட்டம் காணும் என்று நீங்கள் சொன்னால், அவர் ஏற்கெனவே அக்கறை காட்டும் ஒரு விஷயத்தில் அவருக்குத் தெரியாத ஒரு பக்கத்தைக் காட்டுகிறீர்கள். இந்து சமயத்தின் தொன்மையைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. கும்பாபிஷேகம் என்றால் என்ன, அதை ஏன் பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய முடியும் என்று அவரே உங்களிடம் கேட்பார், கேட்டு வாசகர்களுக்கும் சொல்வார். இத்தனை வருடமாக நீங்கள் விரும்பியது அதுதானே?

மெயிலை ஒரே ஒருவருக்கு, அவருக்கென்றே எழுதுங்கள். நாற்பது பேருக்குப் போன மெயில் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தமிழில் இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். விவரங்களை உங்கள் உண்மைக்குத் தக்கபடி மாற்றி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

‘தலைப்பு: விசா முடிந்து அர்ச்சகர் போனார், ஜூனில் குடமுழுக்கு, ஆள் தேடுகிறது கோயில்

வணக்கம். வெளிநாட்டுப் பாதிரியார்கள் கிரீன் கார்டு வரிசையில் சிக்கியிருப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதே வரிசையில் இந்துக் கோயில் அர்ச்சகர்களும் நிற்கிறார்கள். எங்கள் கோயிலில் மூவர் இருந்தார்கள். ஒருவர் ஐந்து வருடக் கெடு முடிந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டார். இன்னொருவரின் கெடுவும் நெருங்குகிறது. பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை வரும் குடமுழுக்கை ஜூனில் நடத்த வேண்டும். அதற்கென்று சிறுவயதிலிருந்து பயின்றவர்களே அதைச் செய்ய முடியும்.

திரும்பிப் போனவர் தொலைபேசியில் பேசச் சம்மதித்திருக்கிறார். எங்கள் குடியேற்ற வழக்கறிஞரும் கோயில் மேலாளரும் பேசுவார்கள். பக்கத்து ஊர் கத்தோலிக்கப் பங்கிலும் இதே சிக்கல், அங்கிருக்கும் பங்குத்தந்தையும் பேசத் தயார். அர்ச்சகர் அனுமதித்த ஆவணங்களைக் காட்ட முடியும். ஏப்ரலில் எந்த வார இறுதியிலும் நேரில் வரலாம். இதை இப்போது உங்களுக்கு மட்டுமே அனுப்புகிறேன். பத்து நாளில் தகவல் இல்லையென்றால் வேறொருவரை அணுகுவேன்.’

கீழே உங்கள் பெயர், கைபேசி எண். அவ்வளவு போதும்.

இதில் சிலவற்றைக் கவனியுங்கள். அவருடைய கட்டுரையைக் குறிப்பிடும் வரி உண்மையாக இருக்க வேண்டும். அவர் விசா பற்றி எழுதவே இல்லையென்றால், எதை எழுதினாரோ அதைத் தேடிப் படித்து, உங்கள் விஷயம் அதோடு எங்கே சேர்கிறது என்று சொல்லுங்கள். எதோடும் சேரவில்லையென்றால் நீங்கள் தவறான ஆளுக்கு எழுதுகிறீர்கள். பக்கத்து ஊர்ப் பங்குத்தந்தை என்ற வரியையும் கற்பனையாக விட்டுவிடாதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள். உங்களைச் சுற்றி ஐம்பது மைலுக்குள் வெளிநாட்டிலிருந்து வந்த பாதிரியார் ஒருவராவது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அவரே தமிழ்நாட்டுக்காரராகவோ கேரளக்காரராகவோ இருந்தாலும் ஆச்சரியமில்லை. கோயிலும் சர்ச்சும் சேர்ந்து ஒரே குறையைச் சொல்லும்போது அது ஒரு சமூகத்தின் புகாராக இருப்பது போய், நாட்டின் செய்தியாகிவிடுகிறது. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மெயில் அனுப்பும் வாரத்தில் எது நடப்பில் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டு, அதற்கேற்ப வரிகளைத் திருத்தி அனுப்புங்கள். அதில் ஒரு பிசகு இருந்தாலும் மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார்.

இணைப்பு எதுவும் வேண்டாம். குத்துவிளக்குப் படம், கமிட்டிக் குழுப்படம், பதினாறு பக்க மலர் எதுவும் வேண்டாம். கேட்டால் கொடுக்கலாம்.

நினைவூட்டல் ஒரே முறை, ஒரு வாரம் கழித்து, இரண்டு வரியில். மூன்று முறை அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய மெயிலையே திருப்பி அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதிய தகவல் இருந்தால் மட்டும் மறுபடி எழுதலாம்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமானது. மேலே சொன்னதில் எதைச் செய்வதற்கும் முன் அர்ச்சகர்களின் சம்மதம் வேண்டும், அது நிஜமான சம்மதமாக இருக்க வேண்டும்.

அவர்களுக்கு விசா ஸ்பான்சர் கோயில்தான். சம்பளம் கொடுப்பதும் கோயில், தங்க இடம் கொடுப்பதும் பெரும்பாலும் கோயில். கமிட்டித் தலைவர் ‘பத்திரிகையில் பேசுகிறீர்களா?’ என்று கேட்டால் அவர் ‘சரிங்க சார்’ என்றுதான் சொல்வார். அந்தச் ‘சரிங்க’வைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கமிட்டியில் இல்லாத, அவர் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவர், தனியாக, தமிழில் அவரிடம் பேச வேண்டும். பெயர் அச்சில் வரும், இணையத்தில் நிரந்தரமாக இருக்கும், நாளை விசா அதிகாரி தேடிப் பார்த்தாலும் அவர் கண்ணில் படும் என்பதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும், சொன்னபடியே நடந்துகொள்ளவும் வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர் வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. அந்த வழக்கறிஞர் கோயிலுக்காக மட்டும் பேசுகிறவரா, அர்ச்சகர் நலனையும் பார்க்கிறவரா என்பதையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். திரும்பிப் போனவருக்கு ஆபத்து குறைவு என்று தோன்றும். அவருக்கும் மறுபடி வரும் எண்ணம் இருக்கலாம், ஆகவே அவரிடமும் இதே நிதானம் வேண்டும். பெயர் போடாமல் எழுதச் சொல்லலாமே என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். பெரிய பத்திரிகைகள் அதற்கு லேசில் ஒப்புக்கொள்ளாது, ஆசிரியர் வரை போய் அனுமதி வாங்க வேண்டும். கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கிடைக்கும் என்று அர்ச்சகரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நிருபர் வந்தால் விசாவோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். அர்ச்சகருக்குச் சம்பளம் எவ்வளவு? எங்கே தங்கியிருக்கிறார்? வாரத்தில் எத்தனை நாள் விடுமுறை? மூவர் செய்த வேலையை இருவர் செய்கிறார்களே, சம்பளம் கூடியதா? வீட்டு விசேஷங்களுக்குப் போகும்போது வரும் தட்சணை யாருக்கு? இவற்றைக் கேட்பதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நியூ ஜெர்சி ராபின்ஸ்வில்லில் பெரிய கோயில் ஒன்றின் கட்டுமானத்தில் வேலை செய்தவர்கள், தங்களை மதப் பணியாளர் விசாவில் அழைத்துவந்து அற்பக் கூலிக்கு வேலை வாங்கினார்கள் என்று 2021 மே மாதம் மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். கோயில் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. அந்தச் செய்தி வந்த பிறகு இந்த விசாவைப் பற்றி எழுதும் எந்த நிருபரும் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் போக மாட்டார். உங்களிடம் நல்ல பதில்கள் இருந்தால் சந்தோஷமாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் மெயிலைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பத்திரிகைக்குப் பயந்து செய்ய வேண்டாம். விடியற்காலை சுப்ரபாதத்திலிருந்து இரவு பள்ளியறை வரை நிற்கிற இரண்டு மனிதர்களுக்காகச் செய்யுங்கள்.

கோயில் கணக்கையும் கேட்கலாம். பொதுவாக லாப நோக்கற்ற அமைப்புகள் வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.இடம் வருடாவருடம் படிவம் 990 என்ற கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும், அது எவர் கண்ணுக்கும் கிடைக்கும். சர்ச் என்ற வகையில் வரும் வழிபாட்டுத் தலங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கோயிலும் அந்த வகையில் சேரலாம். அதனால் நிருபர் வேறு வழியில்லாமல் உங்களிடமே நேராகக் கேட்பார். கொடுக்க முடியும் என்றால் கொடுங்கள். முடியாது என்றால் காரணத்தோடு ‘முடியாது’ என்று சொல்லுங்கள். தலைவர் ஊரில் இல்லை, பொருளாளர் பார்த்துச் சொல்வார் என்று இழுத்தடிப்பதுதான் மோசம்.

மத நிருபர்களைப் பற்றிக் கமிட்டியில் ஒரு தெளிவு இருப்பது நல்லது. 2002இல் பாஸ்டன் குளோப், கத்தோலிக்க மறைமாவட்டம் சிறுவர்களைச் சீரழித்த பாதிரியார்களைப் பல வருடம் மூடி மறைத்ததை வெளியே கொண்டுவந்தது. 2019இல் ஹூஸ்டன் கிரானிக்கிளும் சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ்-நியூஸும் சேர்ந்து, தெற்கு பாப்டிஸ்ட் சபைகளில் இருபது வருடங்களில் 700க்கும் மேற்பட்டவர்கள் பாலியல் கொடுமைக்கு உள்ளானதைப் பதிவு செய்தன. பக்தியுள்ளவர்கள் பலர் அந்த நிருபர்களுக்கு நன்றி சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். இந்தத் துறையின் பெருமை அதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரை நம் கோயிலுக்கு அழைக்கிறோம் என்று தெரிந்து அழைக்க வேண்டும்.

கமிட்டியில் அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும்: ‘போடுவதற்கு முன்னால் நமக்குக் காட்டுவார்களா?’ காட்ட மாட்டார்கள். கேட்கவும் கேட்காதீர்கள். பெயர், பதவி, தேதி இவற்றைச் சரிபார்க்க அவரே கூப்பிடுவார். அவரிடம் பேசுவது எல்லாமே அச்சுக்குரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இதைப் போடாதீர்கள்’ என்று பேசி முடித்த பிறகு சொல்வது செல்லாது. ஆஃப் தி ரெக்கார்ட் என்றால் பேசுவதற்கு முன் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பேச வேண்டும்.

அவர் வரும் நாளில் யாரும் பொன்னாடை போர்த்த வேண்டாம். மாலை, நினைவுப் பரிசு, கவர் எதுவும் வேண்டாம். அன்பாகத்தான் செய்வோம், ஆனால் வாங்கினால் அவர் வேலைக்கே சிக்கல் வரும், மறுப்பதும் அவருக்குச் சங்கடம். பிரசாதம் கொடுங்கள், மடப்பள்ளிப் பொங்கலை வேண்டாம் என்று சொல்கிற நிருபரை நான் பார்த்ததில்லை. செருப்பை எங்கே விட வேண்டும், எந்த இடம் வரை படம் எடுக்கலாம், கர்ப்பக்கிருகத்தைப் படம் எடுக்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அர்ச்சகரிடம் அவர் பேசும்போது கமிட்டி ஆட்கள் சுற்றி நிற்கக்கூடாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் வெளியாள் ஒருவரை அவரே அழைத்துவரட்டும்.

விழாவை மட்டும் படம் பிடிக்க வேண்டும் என்பதற்குத் தேசிய நிருபர் தேவையில்லை, உள்ளூர் பத்திரிகையும் டிவியும் போதும். அவர்களுக்கு வேறு மாதிரி எழுதுங்கள். கார் பார்க்கிங்கில் கூடாரம் போட்டு யாகசாலை அமைக்க ஃபயர் மார்ஷலிடம் அனுமதி வாங்கியிருப்பீர்கள். கோபுரக் கலசத்துக்குக் குட நீரை எடுத்துக்கொண்டு அர்ச்சகர்கள் சாரத்தில் ஏறுவார்களா, பூம் லிஃப்ட் வாடகைக்கு எடுக்கிறீர்களா? பஞ்சகச்சம் கட்டிய சிவாச்சாரியார் தலையில் கலசத்தோடு கட்டுமான லிஃப்டில் மேலே போவது ஒரு புகைப்படக்காரர் விடவே மாட்டாத காட்சி. சரியாக எத்தனை மணிக்கு, எங்கே நின்றால் தெரியும், வெயில் எந்தப் பக்கம் என்று மூன்று வரியில் எழுதி, விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் புகைப்படப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

இரண்டு அர்ச்சகர்களும் பேச விரும்பவில்லை என்றால் விசா கதையை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் உங்கள் கோயிலில் இன்னொரு கதையும் இருக்கிறது. நியூயார்க் ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோயிலுக்கான சங்கத்தை 1970இல் பதிவு செய்தார்கள், 1977இல் கும்பாபிஷேகம் நடந்தது. பிட்ஸ்பர்க் பக்கம் பென் ஹில்ஸ் வேங்கடேசப் பெருமாள் கோயிலும் அதே காலத்தது. அந்தத் தலைமுறை இப்போது எண்பதைத் தொடுகிறது. தங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் படம் வைத்துக் கும்பிடத் தொடங்கி, பிறகு கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளில் பலர் திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும்தான் கோயிலுக்கு வருகிறார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது? அமெரிக்காவில் ஒவ்வொரு மெதடிஸ்ட் சர்ச்சும் ஒவ்வொரு யூத ஆலயமும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உங்களிடம் பதில் இருந்தாலும் செய்திதான், இல்லாவிட்டாலும் செய்திதான். தங்கள் மகளோ மகனோ கோயிலுக்கு ஏன் வருவதில்லை என்பதைத் தயங்காமல் சொல்லும் ஒரு குடும்பமும், அதையே தன் வாயால் சொல்லத் தயாராக இருக்கும் அந்த மகளோ மகனோ கிடைத்தால், இந்தக் கதையை அந்த நிருபருக்கே அனுப்பலாம். இதற்கு ஜூன் கெடு இல்லை. பிஷப்புகளின் கூட்டமும் உச்ச நீதிமன்றமும் ஓய்ந்த பிறகு, ஜூலை நடுவில் அனுப்புங்கள்.